12 லட்சம் வரை வரி இல்லை என்கிறார்கள்: விவசாயக் குடும்பத்தின் கணக்கில் என்ன மாறும்?

ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய் வரை வருமான வரி இல்லை என்று 2025 பிப்ரவரி 1 அன்று மத்திய பட்ஜெட்டில் அறிவித்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்ட் மாதம், 1961ஆம் ஆண்டின் பழைய வருமான வரிச் சட்டத்துக்குப் பதிலாகப் புதிய சட்டம் ஒன்றும் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அது 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருகிறது. இந்த இரண்டு செய்தியும் சேர்ந்து ஊரில் இரண்டு விதமான பேச்சைக் கிளப்பிவிட்டன. ‘புதுச் சட்டத்தில் விவசாயத்துக்கும் வரி வரப்போகிறது’ என்பது ஒன்று. ‘இனி எந்த வழியில் பணம் வந்தாலும் 12 லட்சம் வரை கவலை இல்லை’ என்பது இன்னொன்று. இரண்டுமே தவறு. இரண்டாவதை நம்பினால் கையிலிருந்து பணம் போகும் என்பதால் அதைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டியிருக்கிறது.

முதல் பேச்சை முதலில் முடித்துவிடலாம். விவசாய வருமானத்துக்கு வரி போடும் அதிகாரம் அரசியல் சட்டப்படி மாநிலங்களிடம் இருக்கிறது, மத்திய அரசிடம் இல்லை. புதிய சட்டத்திலும் விவசாய வருமானத்துக்கான விலக்கு அப்படியே தொடர்கிறது. பிரிவு எண்கள் மாறுகின்றன, வாசகம் சுருங்குகிறது, ‘முந்தைய ஆண்டு’, ‘மதிப்பீட்டு ஆண்டு’ என்று இரண்டாக இருந்த குழப்பம் போய் ‘வரி ஆண்டு’ என்று ஒரே பெயர் வருகிறது. நெல், கரும்பு, வாழை, தென்னை என்று நிலத்தில் விளைவித்து விற்று வரும் லாபம் 5 லட்சமானாலும் 25 லட்சமானாலும், வேறு வருமானம் இல்லாதவருக்கு வருமான வரி கிடையாது.

அதாவது, விவசாயம் மட்டுமே செய்பவருக்கு இந்தச் சீர்திருத்தத்தால் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. இந்தச் சலுகையால் நேரடி வரியில் சுமார் ஒரு லட்சம் கோடி ரூபாய் வருவாயை அரசு விட்டுக்கொடுக்கிறது என்று நிதியமைச்சர் சொன்னார். அந்தத் தொகை சம்பளக்காரர்களுக்கும் வியாபாரிகளுக்கும் போகிறது. நம் ஆட்கள் கட்டும் வரி ஜி.எஸ்.டி.தான். அதில் 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கும் சொட்டுநீர், தெளிப்புநீர்க் கருவிகளுக்கும் 12 சதவீதம் 5 சதவீதமாகக் குறைந்தது. வரிக்கு முந்தைய விலை 7 லட்சம் ரூபாய் உள்ள டிராக்டரில் 49,000 ரூபாய் மிச்சம். டிராக்டர் டயருக்கு 18லிருந்து 5 சதவீதம். மானாவாரி விவசாயிக்கு வருமான வரிச் செய்தியைவிட இந்தச் செய்தியே பெரிது என்பது என் எண்ணம்.

ஆனால் விவசாயத்தை மட்டுமே நம்பியிருக்கும் வீடுகள் இன்று எத்தனை? ஒரு பிள்ளை ஆசிரியர் வேலையில் இருப்பார். வீட்டில் நாலைந்து கறவை மாடு நிற்கும். பெரியவர் பெயரில் வங்கியில் டெபாசிட் இருக்கும். ஊருக்கு வெளியே உள்ள ஒரு துண்டு நிலத்தைப் புரோக்கர் விலை கேட்டுக்கொண்டிருப்பார். வரிச் சட்டம் இப்படிப்பட்ட குடும்பத்தைத்தான் தொடுகிறது.

எது விவசாய வருமானம், எது இல்லை?

நிலத்தை உழுது, விதைத்து, நட்டு விளைவிப்பதே விவசாயத்தின் அடிப்படை என்று உச்ச நீதிமன்றம் 1957லேயே சொல்லிவிட்டது. அதனால் விளைபொருள் விற்ற பணம், நாற்றங்கால் வருமானம், விவசாய நிலத்தைக் குத்தகைக்கு விட்டுக் கிடைக்கும் பணம் எல்லாம் விவசாய வருமானம். பால் விற்ற பணம், கோழி, ஆடு, மீன் வளர்ப்பில் வரும் லாபம், டிராக்டரையும் அறுவடை இயந்திரத்தையும் மற்றவர்களுக்கு வாடகைக்கு ஓட்டிச் சம்பாதித்தது, நிலத்தில் செல்போன் கோபுரம் நிற்க வாங்கும் வாடகை, டெபாசிட் வட்டி ஆகியவை விவசாய வருமானம் ஆகாது. மாடு நம் வயல் புல்லைத்தானே தின்கிறது என்று கேட்டால் வரி அலுவலர் ஒப்புக்கொள்ள மாட்டார்.

பால் விஷயத்தில் பெரிதாகப் பயப்படத் தேவையில்லை. தினம் 50 லிட்டர், லிட்டர் 35 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 6,38,750 ரூபாய் வரவு. பணம் வங்கிக் கணக்குக்கு வந்தால், விரிவான கணக்குப் புத்தகம் இல்லாமலே வரவில் 6 சதவீதத்தை லாபமாகக் காட்டும் அனுமான முறை சிறு தொழில்களுக்கு உண்டு. ரொக்க வரவு என்றால் 8 சதவீதம். உண்மையில் கிடைத்த லாபம் அதைவிட அதிகம் என்றால் அதைத்தான் காட்ட வேண்டும். 6 சதவீதப்படி பார்த்தால் சுமார் 38,000 ரூபாய். தீவனச் செலவு தெரிந்தவர்களுக்கு இந்த எண் வியப்பாக இருக்காது. புதிய வரி முறையில் 4 லட்சம் வரை அடிப்படை விலக்கு இருப்பதால் இதில் வரியே எழாது.

சம்பளமும் வயலும் ஒரே பெயரில் இருந்தால்

சிக்கல் இங்கேதான் இருக்கிறது. விவசாய வருமானத்துக்கு நேரடியாக வரி இல்லை. ஆனால் ஒருவருக்கு விவசாயம் அல்லாத வருமானம் 4 லட்சத்தைத் தாண்டி, விவசாய வருமானமும் 5,000 ரூபாய்க்கு மேல் இருந்தால், வரி விகிதத்தைக் கணக்கிட மட்டும் இரண்டையும் கூட்டுவார்கள். கூட்டிய தொகைக்கு ஒரு வரி போடுவார்கள். விவசாய வருமானத்தோடு 4 லட்சத்தைச் சேர்த்து வரும் தொகைக்கு இன்னொரு வரி போட்டு, அதை முதல் வரியிலிருந்து கழிப்பார்கள். மீதி நிற்பதுதான் வரி.

‘12 லட்சம் வரை வரி இல்லை’ என்பதன் பொருளையும் இங்கே புரிந்துகொள்ள வேண்டும். 12 லட்சம் வரைக்கும் வரி விகிதமே இல்லை என்று சட்டம் சொல்லவில்லை. 4 முதல் 8 லட்சம் வரை 5 சதவீதம், 8 முதல் 12 வரை 10 சதவீதம், 12 முதல் 16 வரை 15 சதவீதம் என்று விகிதம் இருக்கிறது. வருமானம் 12 லட்சத்துக்குள் இருப்பவருக்கு, போட்ட வரியில் அதிகபட்சம் 60,000 ரூபாயைத் தள்ளுபடி செய்கிறார்கள். அவ்வளவுதான்.

ஒரு ஆசிரியரை எடுத்துக்கொள்வோம். ஆண்டுச் சம்பளம் 12 லட்சம். நிலையான கழிவு 75,000 போக 11,25,000. வேறு வருமானம் இல்லை என்றால் வரி 52,500. முழுதும் தள்ளுபடி ஆகி அவர் கட்டுவது பூஜ்யம். 2024-25 நிதியாண்டில் புதிய முறையில் இதே சம்பளத்துக்கு செஸ் உட்பட 71,500 ரூபாய் கட்டியிருப்பார். மாதம் சுமார் 6,000 ரூபாய் குடும்பத்துக்கு மிச்சம். இது நல்ல சலுகைதான்.

இப்போது அவர் பெயரிலேயே பட்டா உள்ள தோட்டத்தில் 3 லட்சம் நிகர வருமானம் வருகிறது என்று வைப்போம். இரண்டையும் கூட்டினால் 14,25,000. அதற்கு வரி 93,750. விவசாய வருமானம் 3 லட்சமும் அடிப்படை விலக்கு 4 லட்சமும் சேர்ந்த 7 லட்சத்துக்கு வரி 15,000. கழித்தால் 78,750. தள்ளுபடி 60,000 போக 18,750 நிற்கும். 4 சதவீத செஸ் சேர்த்து 19,500 ரூபாய் கட்ட வேண்டும். வரி விதிக்கத்தக்க வருமானம் 12 லட்சத்துக்குள் இருந்தும் வரி வருகிறது. முந்தைய ஆண்டில் இதே கணக்குக்கு 1,14,400 வந்திருக்கும் என்பதால் இப்போது குறைவுதான். ஆனால் ‘வரியே இல்லை’ என்று நம்பி விவசாய வருமானத்தைக் காட்டாமல் விட்டவருக்குப் பின்னால் வட்டியோடு நோட்டீஸ் வரலாம்.

இதே ஆசிரியர் செலவுக்கு ரசீது வைக்கவில்லை என்று வையுங்கள். விளைச்சல் விற்ற பணம் 6 லட்சம், உரம், கூலி, உழவு, டீசல் எல்லாம் சேர்ந்து செலவு 3 லட்சம். செலவை நிரூபிக்க முடியாமல் 6 லட்சத்தையும் வருமானமாகக் காட்ட நேர்ந்தால் வரி 46,800 ஆகிவிடும். அதாவது உரக்கடை பில்லையும் கூலி நோட்டையும் தூக்கிப்போட்டதற்கு 27,300 ரூபாய் அபராதம் கட்டியது போல. விவசாயத்துக்குக் கணக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

எல்லாச் சம்பளக்காரருக்கும் இப்படி வராது. சம்பளம் 8 லட்சமாக இருந்தால் 3 லட்சம் விவசாய வருமானம் சேர்ந்தாலும் தள்ளுபடிக்குள் அடங்கிவிடும். சம்பளம் 12 லட்சம் உள்ளவருக்கும் விவசாய வருமானம் ஒரு லட்சத்துக்குள் என்றால் வரி எழாது. அதற்கு மேலே போகப் போகத்தான் சுமை.

யார் பெயரில் காட்டுவது என்ற கேள்வி இங்கே வரும். பட்டா அப்பா பெயரில் இருந்து, அவரே சாகுபடி செய்தால் வருமானம் அவருடையது. மகன் கணக்கில் சேராது. அதை உள்ளபடி காட்டுங்கள். வரிக்காக மட்டும் மனைவி பெயருக்கு நிலத்தைத் தானமாக எழுதினால், அதில் வரும் வருமானத்தைக் கணவரின் கணக்கிலேயே சேர்க்கும் விதி இருக்கிறது.

இன்னொரு சிறு விஷயம்: விவசாய வருமானம் 5,000 ரூபாயைத் தாண்டினால், சம்பளக்காரர்கள் வழக்கமாகப் போடும் முதல் எண் படிவம் செல்லாது. இரண்டாம் எண் படிவம் வேண்டும். பால் பண்ணை போன்ற தொழில் வருமானமும் இருந்தால் மூன்றாம் எண் படிவம். விவசாய வருமானம் 5 லட்சத்துக்கு மேல் என்றால் நிலம் எந்த மாவட்டம், எத்தனை ஏக்கர், சொந்தமா குத்தகையா, பாசனமா மானாவாரியா என்பதும் கேட்கப்படும். சிட்டா, அடங்கல் நகல் கையில் இருக்கட்டும்.

பெரியவர்களின் டெபாசிட்

2025 ஏப்ரல் முதல் வங்கி வட்டியில் வரிப் பிடித்தம் தொடங்கும் வரம்பு மூத்த குடிமக்களுக்கு ஆண்டுக்கு 1 லட்சமாகவும் மற்றவர்களுக்கு 50,000 ஆகவும் உயர்ந்தது. அதற்கு மேல் வட்டி வந்தால் 10 சதவீதம் பிடிப்பார்கள். பான் எண் கொடுக்காதவருக்கு 20 சதவீதம். வரி கட்டும் அளவு வருமானம் இல்லாத 60 வயதுக்கு மேற்பட்டவர்கள் 15எச் படிவமும், மற்றவர்கள் 15ஜி படிவமும் நிதியாண்டு தொடக்கத்திலேயே வங்கியில் கொடுத்தால் பிடிக்க மாட்டார்கள். கொடுக்க மறந்து பணம் பிடித்துவிட்டால், வரிக் கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம். கெடு தேதி தாண்டித் தாக்கல் செய்தால் பணம் திரும்பக் கிடைக்காது என்று புதிய சட்டத்தின் முதல் வரைவில் இருந்தது. நாடாளுமன்றத் தேர்வுக் குழு அதை நீக்கச் சொல்லி, அரசும் ஏற்றுக்கொண்டது. கிராமத்துப் பெரியவர்களுக்கு இது முக்கியமான ஆறுதல்.

நிலம் விற்றால்

அதிகம் ஏமாறும் இடம் இது. கிராமப்புற விவசாய நிலத்தை விற்றால் லாபத்துக்கு வரி இல்லை. ஆனால் எது கிராமப்புறம் என்பதை ஊராட்சிப் பலகையைப் பார்த்து முடிவு செய்ய முடியாது. மக்கள்தொகை 10,000க்கு மேல் ஒரு லட்சம் வரை உள்ள நகரத்தின் எல்லையிலிருந்து 2 கிலோமீட்டர், ஒரு லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை என்றால் 6 கிலோமீட்டர், 10 லட்சத்துக்கு மேல் என்றால் 8 கிலோமீட்டர் தள்ளி இருந்தால்தான் கிராமப்புற நிலம். சாலை வழியே அளப்பதில்லை, நேர்கோட்டுத் தூரம். நகரத்தின் எல்லைக்கு உள்ளேயே இருக்கும் நிலம் விவசாயம் நடந்தாலும் நகர நிலம்தான். தமிழ்நாட்டில் பல ஊராட்சிகளைப் பக்கத்து மாநகராட்சி, நகராட்சிகளோடு சேர்க்கும் வேலை நடக்கிறது. எல்லை நகர்ந்தால் தூரக் கணக்கும் நகரும். போன வருடம் வரியில்லாமல் விற்றிருக்கக்கூடிய நிலம் இந்த வருடம் வரிக்குள் வரலாம்.

அப்படி வந்தால் 12 லட்சம் சலுகை உதவாது. நில விற்பனை லாபத்துக்குத் தனி விகிதம். தனி விகித வருமானத்துக்கு அந்தத் தள்ளுபடி கிடையாது. வேறு வருமானமே இல்லாத ஒருவருக்கு நகர்ப்புற விவசாய நிலத்தில் 10 லட்சம் நீண்டகால லாபம் வந்தால், 4 லட்சம் அடிப்படை விலக்கு போக 6 லட்சத்துக்கு 12.5 சதவீதம் 75,000, செஸ் சேர்த்து 78,000 ரூபாய் வரி. 2024 ஜூலை 23க்கு முன் வாங்கிய நிலம் என்றால், பணவீக்கத்துக்கு ஏற்ப வாங்கிய விலையை உயர்த்தி 20 சதவீதம் போட்டுப் பார்த்து, எது குறைவோ அதைக் கட்டலாம். பூர்வீக நிலத்துக்கு 2001 ஏப்ரல் 1 அன்றைய மதிப்பை வாங்கிய விலையாக எடுத்துக்கொள்ளலாம். அந்தத் தேதியின் வழிகாட்டி மதிப்பைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் எழுத்தில் வாங்கி வையுங்கள். பத்திரத்தில் விலையைக் குறைத்துப் போடுவதால் வரி குறையாது. வழிகாட்டி மதிப்பு 10 சதவீதத்துக்கு மேல் கூடுதலாக இருந்தால் அதையே விற்ற விலையாக எடுப்பார்கள்.

முன்பணத்தை ரொக்கமாக வாங்குவதிலும் கவனம் தேவை. 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் வாங்கிய தொகைக்குச் சமமாக அபராதம் போட முடியும். மனை போடுபவர் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து வைத்தாலும் வங்கி வழியாகவே வாங்குங்கள். அரசு சாலைக்கோ தொழிற்பூங்காவுக்கோ 2013ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டத்தின் கீழ் எடுத்தால் அந்த இழப்பீட்டுக்கு வருமான வரி இல்லை என்று மத்திய நேரடி வரிகள் வாரியம் 2016லேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது.

விற்ற பணத்தில் மறுபடி விவசாய நிலம் வாங்க நினைப்பவர்களுக்கு வரியிலிருந்து தப்ப வழி இருக்கிறது. விற்ற நிலத்தில் அதற்கு முந்தைய 2 ஆண்டுகள் நீங்களோ உங்கள் பெற்றோரோ விவசாயம் செய்திருக்க வேண்டும். விற்ற 2 ஆண்டுக்குள் வேறு விவசாய நிலம் வாங்க வேண்டும். வாங்கியதை 3 ஆண்டுக்குள் விற்கக் கூடாது. கணக்குத் தாக்கல் செய்யும் கெடுவுக்குள் நிலம் அமையவில்லை என்றால், பணத்தைச் சாதாரண சேமிப்புக் கணக்கில் வைத்தால் சலுகை போய்விடும். அதற்கென்று வங்கிகளில் உள்ள மூலதன ஆதாயக் கணக்கில் கெடுவுக்கு முன்பே போட்டுவிட வேண்டும். இந்தக் கணக்கு எல்லாக் கிளைகளிலும் இருக்காது. பத்திரம் முடிந்த வாரத்திலேயே எந்தக் கிளையில் திறக்கலாம் என்று உங்கள் வங்கி மேலாளரிடம் கேட்டுவிடுங்கள்.