ஸ்லைடில் ஒளிந்திருக்கும் லிங்க்

பவர்பாயிண்ட் ஸ்லைடில் ஒரு சொல்லுக்கு லிங்க் கொடுத்தால் அதன் நிறம் மாறி, அடியில் ஒரு கோடும் விழும். "பார்க்க அசிங்கமாயிருக்கிறது" என்று அந்த அடையாளத்தையே மறைத்துவிடுவது இப்போது நாகரிகமாகிவிட்டது. இதில் பாதி நியாயம், பாதி அநியாயம் என்பது என் கட்சி.

நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். தமிழில் கு, மு, ழு, று, ஞ எல்லாம் கீழே காலை நீட்டும் எழுத்துகள். அடிக்கோடு அந்தக் காலை வெட்டிக்கொண்டு போகும். கடைசி வரிசையில் உட்காரும் என்னைப் போன்ற கண்ணாடிக்காரர்கள் பாடு திண்டாட்டம்தான். கோடு போகட்டும்.

ஆனால் கோட்டோடு ஆதாரமும் போய்விடுகிறதே! எங்கள் காவலூர்க் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனைக் கடந்தபோது, கோளுக்கு வெளியிலேயே அந்த விண்மீனின் ஒளி சற்று நேரம் மங்கியதை இங்குள்ள 1 மீட்டர் தொலைநோக்கி பதிவு செய்தது. அதைப் பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். புதிய துணைக்கோளாக இருக்கலாம் என்பது அவர்கள் கணிப்பு. அமெரிக்காவின் கைப்பர் விமான ஆய்வகத்தில் பறந்தபடி பார்த்த எலியட் குழுவினர்தான் அவை வளையங்கள் என்றார்கள்.

ஒரு கூட்டத்தில் இந்தக் கதை முழுவதும் ஒரே வரியாகிவிட்டது: 'யுரேனஸ் வளையங்களைக் கண்டுபிடித்தது காவலூரே'. வரிக்குள் லிங்க் இருந்தது, பேசியவர் அழுத்தியபோதுதான் தெரிந்தது. பிள்ளைகளுக்குக் கொடுத்த நகலில் அதுவும் இல்லை. மலைக்கிராமத்துப் பிள்ளை எதை வைத்துச் சரிபார்க்கும்? காவலூருக்கு உள்ள பெருமையே போதும், ஐயா. கூட்டிச் சொல்ல வேண்டாம்.

"முகவரி எழுத இடமில்லை" என்பார்கள். 1986இல் ராஜீவ் காந்தி திறந்துவைத்த 2.34 மீட்டர் தொலைநோக்கியின் படத்தை மூலைக்கு மூலை விரிக்க இடமிருக்கிறது, ஒரு வரிக்கு இல்லையா?

வழி சுலபம். எழுத்தைத் தேர்ந்தெடுத்து லிங்க் கொடுக்காமல், எழுத்து இருக்கும் பெட்டியின் ஓரத்தை அழுத்தி, பெட்டி முழுமைக்கும் கொடுங்கள். கோடு விழாது, நிறமும் மாறாது. பிறகு அதன் கீழே இதழின் பெயர், ஆண்டு, இணைய முகவரி மூன்றையும் தட்டச்சு செய்யுங்கள். தாளில் அச்சடித்தாலும் அது நிற்கும். எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகவே வையுங்கள், கடைசி வரிசையில் நானும் இருப்பேன்.