கேட்டதையெல்லாம் பரப்பலாமா?

திருப்பூரில் சனிக்கிழமை மாலை என்பது சம்பள மாலை. வாரம் முழுவதும் ஓவர்லாக் இயந்திரத்தின் முன் குனிந்திருந்தவர், கட்டிங் மேசையருகே நின்றிருந்தவர், செக்கிங், அயர்னிங் பிரிவுகளில் உழைத்தவர், கைமடியாக ஓடியாடிய இளைஞர் ஆகிய அனைவரும் கூலியைப் பெற்றுக்கொண்டு கடைவீதிக்கு வருகின்ற மாலை அது. முன்னாளில் அம்மாலையில் வாங்கப்பெற்றவை அரிசியும் இறைச்சியும் பிள்ளைகளுக்கான துணிமணியுமே. இன்று அவற்றோடு, மாதத் தவணையில் ஒரு புதிய ஸ்மார்ட்போனும் வீடு வந்து சேருகிறது.

அவ்வாறு வந்த கைப்பேசி, ஒரே வாரத்தில் அவ்வீட்டின் நடைமுறையை மாற்றிவிடுகிறது. நாளை இரவு வேலை உண்டா இல்லையா என்னும் கம்பெனியின் அறிவிப்பு அதில் வருகிறது. பவர் டேபிள் நடத்துவோர்க்கு ஆர்டரின் அளவும் துணியின் வண்ணமும் படமாக அதில் வந்து இறங்குகின்றன. 2016-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற யு.பி.ஐ. முறையால், மளிகைக் கடைக்கான பணம் இருந்த இடத்திலிருந்தே சென்று சேருகிறது. வளைகுடா நாட்டில் உழைக்கும் அத்தாவின் முகத்தைப் பிள்ளைகள் இரவுதோறும் காண்கின்றனர். தொழுகை நேரத்தையும் கிப்லாவின் திசையையும்கூட அதுவே காட்டுகிறது. இவை யாவும் நன்மைகளே. இவற்றைக் குறைகூறுவது நம் நோக்கமன்று.

ஆயினும், இந்தக் கருவியோடு சேர்ந்து வீட்டிற்குள் வருகின்ற ஒரு பெரும் பொறுப்பை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. ஒரு செய்தியை ஊரெங்கும் பரப்ப முன்பு அச்சகம் வேண்டும், அல்லது வானொலி நிலையம் வேண்டும். அச்செய்திக்குப் பொறுப்பேற்க ஓர் ஆசிரியரும் இருந்தார். இன்றோ, உணவு இடைவேளையில் மரத்தடியில் அமர்ந்திருக்கும் இளைஞர் ஒருவர் விரலால் ஒருமுறை தொட்டால் போதும். ஒரு செய்தி நூற்றுக்கணக்கானோரைச் சென்றடைகிறது. கைப்பேசி விற்கும் கடைக்காரர் அதற்கு உறை மாட்டித் தருகிறார். கண்ணாடி ஒட்டித் தருகிறார். சிம் கார்டையும் போட்டுத் தருகிறார். ஆனால், செய்தி அனுப்புகின்றவர் தாமும் அச்செய்திக்குச் சாட்சியாகின்றார் என்பதை எவரும் சொல்லித் தருவதில்லை. அதனைச் சொல்லித் தராததன் விலை என்ன என்பதைத் திருப்பூர் 2023-ஆம் ஆண்டில் அறிந்துகொண்டது.

அன்று நடந்தது என்ன?

அவ்வாண்டு ஜனவரி மாதத்தில், திருப்பூரில் தமிழ்த் தொழிலாளர் சிலருக்கும் வட மாநிலத் தொழிலாளர் சிலருக்கும் இடையே ஏற்பட்ட ஒரு கைகலப்பின் காட்சி கைப்பேசிகளில் வேகமாகப் பரவியது. வடநாட்டார் திரண்டு வந்து தமிழர்களைத் தாக்குகின்றனர் என்னும் விளக்கத்தோடு அது பரப்பப்பட்டது. சில வாரங்கள் சென்றன. பிப்ரவரி மாதக் கடைசியிலும் மார்ச் மாதத் தொடக்கத்திலும் கதை தலைகீழாயிற்று. தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுகின்றனர், கொல்லப்படுகின்றனர் என்னும் செய்தி இந்தி மொழியில் பல காட்சிப் படங்களோடு பரவியது. பீகார்ச் சட்டமன்றத்திலேயே இது பெரும் அமளியை எழுப்பியது.

அப்போது தமிழகக் காவல்துறைத் தலைமை இயக்குநராக இருந்த சைலேந்திர பாபு, அப்படங்கள் தவறாகப் பரப்பப்படுகின்றன என்று அறிவித்தார். பரப்பப்பட்டவற்றுள் ஒன்று, பீகார்த் தொழிலாளர் இரு குழுவினர் தமக்குள்ளே மோதிக்கொண்டது. மற்றொன்று, கோயம்புத்தூரில் உள்ளூர்வாசிகள் தமக்குள்ளே மோதிக்கொண்டது. ராஜஸ்தான் மாநிலத்து ஜோத்பூரில் நிகழ்ந்த ஒரு கொலையின் காட்சியும் தமிழ்நாட்டில் நடந்ததாகக் காட்டப்பட்டது. இவற்றையெல்லாம் விஞ்சும் வண்ணம், பாட்னாவில் ஒரு வீட்டில் உடம்பில் கட்டுப் போட்டுக்கொண்டு நடித்து எடுக்கப்பட்ட படமும் இருந்ததைப் பீகார் மாநிலக் காவல்துறையின் பொருளாதாரக் குற்றப்பிரிவே கண்டறிந்தது.

ஆனால், பொய்யைப் பொய்யென்று நிறுவுவதற்குள் அது தன் வேலையைச் செய்துவிட்டது. திருப்பூரில் லட்சத்திற்கு மேற்பட்ட வட மாநிலத் தொழிலாளர்கள் பணிபுரிகின்றனர். அவர்களுள் பலர் அஞ்சினர். சிலர் மூட்டை கட்டினர். மார்ச் 8-ஆம் நாள் ஹோலிப் பண்டிகை வந்தமையால் இயல்பாகவே ஊருக்குப் புறப்பட்டோர் கூட்டமும் ரெயில் நிலையத்தில் இருந்தது. அக்கூட்டத்தின் படமே, அஞ்சி ஓடுவோரின் படமாகக் காட்டப்பட்டது. தண்டவாளத்தில் அடிபட்டு இறந்த வட மாநிலத் தொழிலாளர் ஒருவரின் சாவும் கொலையோ என்னும் ஐயத்தைக் கிளப்பியது. ரெயில்வே போலீஸார் அது விபத்தே என்று விளக்க வேண்டியதாயிற்று.

மார்ச் 4-ஆம் நாள் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின், பீகார் முதலமைச்சராக இருந்த நிதிஷ் குமாருடன் தொலைபேசியில் உரையாடி உறுதியளித்தார். பீகார் அரசு அனுப்பிய அதிகாரிகள் குழு திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் வந்து தொழிலாளர்களை நேரில் சந்தித்தது. காவல்துறையினர் இந்தி மொழியில் அறிவிப்புச் செய்தனர். உதவித் தொலைபேசி எண்களை வழங்கினர். ஏற்றுமதியாளர்களும் தொழிலாளர்க்கு ஆறுதல் கூறினர். நாளடைவில் அச்சம் தணிந்தது.

கண்ணைவிடக் கைப்பேசியை நம்பியது ஏன்?

இங்கே நாம் ஆராய வேண்டுவது ஒன்றுண்டு. அஞ்சிய தொழிலாளர்களுள் மிகப் பெரும்பாலோர் தம் தெருவிலோ தம் கம்பெனியிலோ எந்தத் தாக்குதலையும் கண்டவர்கள் அல்லர். பக்கத்து மெஷினில் தைப்பவர் அன்றும் வழக்கம்போல் அவரோடு பேசினார். தேநீர்க் கடைக்காரர் வழக்கம்போல் தேநீர் தந்தார். அப்படியிருந்தும், கண்முன் கண்டதை நம்பாமல் கைப்பேசியில் கண்டதை நம்பினர். இதனை அறியாமை என்று தள்ளிவிடுதல் நீதியாகாது.

ஈராயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வந்தவருக்கு இவ்வூர் மொழி தெரியாது. இவ்வூர்ச் செய்தித்தாளை அவரால் படிக்க இயலாது. அவருடைய தாய்மொழியில் அவரோடு பேசுவது அந்தக் கைப்பேசி ஒன்றே. அதில் தாய் அழைத்து, ‘மகனே, உடனே வந்துவிடு’ என்று அழுதால் எந்த மகன்தான் கலங்காதிருப்பான்? அந்தத் தாயும் பொய் சொன்னவர் அல்லர். தமக்கு வந்த படத்தைக் கண்டு கலங்கியவரே. ஆக, ஒரு சிலர் பொய்யைப் படைத்தனர். ஆயிரக்கணக்கான நல்லவர்கள், பாசத்தாலும் அச்சத்தாலும் அதனைச் சுமந்து சென்றனர். பொய்யின் வலிமை அதனைப் படைத்தவனிடத்தில் இல்லை. அதனை ஆராயாமல் சுமந்த நல்லவர்களிடத்திலேயே இருந்தது.

இதே குற்றம் நம் பக்கத்திலும் நிகழ்ந்தது என்பதை மறைத்தலும் கூடாது. ஜனவரியில் பரவிய படத்தைத் தமிழில் பரப்பியவர் யார்? நம்மவர்களே. 2018-ஆம் ஆண்டு மே மாதத்தில், குழந்தை கடத்துவோர் நடமாடுகின்றனர் என்னும் வாட்ஸ்அப் வதந்தி வடதமிழ்நாட்டில் பரவியிருந்த வேளையில், திருவண்ணாமலை மாவட்டம் அத்திமூர் என்னும் சிற்றூரின் பக்கம், சென்னையிலிருந்து கோயிலுக்கு வந்த குடும்பத்தார், குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்ததைக் கண்டோர் தவறாகக் கொண்டனர். திரண்ட கூட்டம் அடித்ததில் 65 வயது மூதாட்டி உயிரிழந்தார். அவரைக் கொன்றது தடியும் கல்லும் மட்டுந்தானா? அந்த வதந்தியை, ‘எதற்கும் எச்சரிக்கையாக இருக்கட்டும்’ என்று நல்லெண்ணத்தோடு அனுப்பிய ஒவ்வொரு விரலுக்கும் அதில் பங்கில்லையா?

மார்க்கம் காட்டும் வழி

திருமறையின் 49-ஆம் அத்தியாயமாகிய அல்ஹுஜுராத், ஆறாம் வசனத்தில் இதற்குத் தெளிவான நெறியை வகுத்துள்ளது. நம்பத்தகாத ஒருவர் செய்தியொன்றைக் கொண்டுவந்தால் அதனை நன்கு விசாரித்தறிய வேண்டும் என்பதும், இல்லையேல் அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துப் பின்னர் வருந்த நேரிடும் என்பதும் அதன் கருத்து.

அவ்வசனம் அருளப்பெற்றதன் பின்னணியாக விரிவுரையாளர்கள் எழுதும் நிகழ்ச்சியைப் பாருங்கள். பனூ முஸ்தலிக் குலத்தாரிடம் ஸகாத்தைப் பெற்றுவர ஒருவர் அனுப்பப்படுகின்றார். அவரை வரவேற்கவே அக்குலத்தார் திரண்டு வருகின்றனர். முன்னைப் பகையை எண்ணிய அவரோ, தம்மைக் கொல்ல வருவதாக அஞ்சி வழியிலேயே திரும்பிவிடுகின்றார். ஸகாத்தைத் தர மறுத்துத் தம்மைக் கொல்லவும் முனைந்தனர் என்று மதீனாவில் வந்து கூறுகின்றார். போர் மூளும் நிலை உருவாகின்றது. பின்னர் உண்மை வெளிப்படுகின்றது. அங்கும் ஒரு கூட்டம் கண்ணில் பட்டது உண்மை; அதற்குக் கொள்ளப்பட்ட பொருளே தவறு. திருப்பூர் ரெயில் நிலையத்தில் காணப்பட்ட கூட்டமும் அத்தகையதன்றோ?

காதில் விழுந்ததையெல்லாம் எடுத்துரைப்பதே ஒருவர் பொய்யராவதற்குப் போதுமானது என்னும் கருத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதை ஸஹீஹ் முஸ்லிம் பதிவு செய்துள்ளது. பொய்யைப் படைத்தவர் மட்டுமன்று, ஆராயாமல் பரப்பியவரும் அப்பட்டியலில் சேருகின்றார் என்பது எத்துணைக் கடுமையான எச்சரிக்கை! ‘எனக்கு வந்ததை அப்படியே அனுப்பினேன்’ என்று நாம் கூறும் சாக்கு, மறுமையில் செல்லாது என்பது இதனால் விளங்கும்.

வீட்டில் செய்ய வேண்டியவை

வாட்ஸ்அப் நிறுவனம் 2018-ஆம் ஆண்டில் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே வேளையில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப இயலாதவாறு வரம்பு கட்டியது. பலமுறை கைமாறி வந்த செய்தியை ஒரே வேளையில் ஓரிடத்திற்கு மட்டுமே அனுப்பலாம் என 2020-இல் மேலும் இறுக்கியது. அத்தகைய செய்தியின் தலைப்பில் இரட்டை அம்புக்குறி தோன்றும். அக்குறியைக் கண்டால், அனுப்பியவர் உறவினரே ஆயினும் செய்தி அவருடையதன்று என்பதை வீட்டிலுள்ளோர் அனைவரும் அறிந்திருத்தல் வேண்டும். இதனை யார் நேரில் கண்டார், எங்கே, எந்நாளில் என்னும் மூன்று கேள்விகளுக்கும் விடையில்லாத செய்தி, நம் கையோடு நின்றுவிடட்டும். படமும் குரலும்கூட இயந்திர அறிவினால் போலியாகப் படைக்கப்படுகின்ற இந்நாளில், கண்ணால் கண்டேன் என்பதே போதிய சான்றாகாது.

தவறாக ஒன்றை அனுப்பிவிட்டால், அதனை நம் கைப்பேசியில் அழித்துவிட்டு மௌனமாக இருத்தல் போதாது. பிறருக்கு இழைத்த தீங்கை அவர்களிடமே சரிசெய்ய வேண்டும் என்பது தவ்பாவின் விதிகளுள் ஒன்று. எந்தக் குழுவில் அனுப்பினோமோ அந்தக் குழுவிலேயே, ‘நான் அனுப்பியது தவறு’ என்று எழுதுதல் வேண்டும். அது தலைகுனிவு எனக் கருதற்க, இறைவனிடத்தில் தலைநிமிர்வாகும்.

திருப்பூரின் முதல் பனியன் ஆலையை 1925-ஆம் ஆண்டில் நிறுவியவர் குலாம் காதர் என்று இத்தொழிலின் வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுவர். இந்தியப் பின்னலாடைத் தொழிலுக்கு அதற்கு முன்பே இருப்பிடமாக இருந்தது கல்கத்தா நகரம். கிழக்கிலே பிறந்த தொழில் இவ்வூருக்கு வந்து நம் வீடுகளில் அடுப்பெரியச் செய்தது. இன்று வங்காளத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் அத்தொழிலைத் தேடித் தொழிலாளர்கள் இங்கே வருகின்றனர். அவர்களுள் நம் சகோதரர்களும் உளர்.

இன்று ஜும்ஆத் தொழுகையில் உங்கள் தோளோடு தோள் சேர்த்து நிற்பவர் அவர்களுள் ஒருவராக இருக்கலாம். அவர் பேசும் மொழி நமக்குத் தெரியாது. ஆயினும் ஸலாம் இருவருக்கும் தெரியும். தொழுகை முடிந்ததும் அவர் கையைப் பற்றி நலம் விசாரியுங்கள். மீண்டும் ஒருநாள் அவருடைய கைப்பேசியில் அச்சமூட்டும் படமொன்று வரக்கூடும். அப்போது அவர் நம்புவது அந்தப் படத்தையா, உங்கள் கையையா என்பதை இன்றைய அந்த ஸலாமே தீர்மானிக்கும். உண்மையை ஆராய்ந்து உரைக்கும் நாவையும், அவசரத்திற்கு அடங்காத விரலையும் வல்ல இறைவன் நமக்கு அருள்வானாக!