எதையும் தாங்குமாம்!

"எதையும் தாங்கும்." செடி விற்கிறவர்கள் பாவிக்கிற சொற்களில் எனக்குக் கொஞ்சமும் பிடிக்காதது இதுதான். துந்திராப் பூச்செடிகளை வீட்டுத்தோட்டத்துக்கு விற்கும்போது இது கட்டாயம் வரும். ஆர்க்டிக் குளிரையே தாங்குற செடி உங்கட முற்றத்தில் வளராதா எண்டு கேட்பார்கள். கேட்க நியாயம் மாதிரித்தான் இருக்கும். ஆனால் அது பிழையான நியாயம்.

மொஸ் கம்பியன் எண்ட செடியை எடுத்துப் பாருங்கோ. தாவரவியலில் இதன் பெயர் சைலீன் அக்கோலிஸ். வடதுருவத்தைச் சுற்றியுள்ள துந்திரா நிலங்களிலும், அல்ப்ஸ், ரொக்கி மலைகளின் உயரமான பகுதிகளிலும், ஸ்கொட்லாந்து மலைகளிலும் இது வளருது. பார்த்தால் கல்லில் படர்ந்த பாசி மாதிரி இருக்கும். உயரம் சில சென்ரிமீற்றர்தான். கோடையில் அந்தப் பச்சை மெத்தை முழுக்க சின்னச் சின்ன இளஞ்சிவப்புப் பூக்கள்.

குளிரைத் தாங்குறதுக்கு அதின்ர உடலமைப்புத்தான் காரணம். தண்டும் இலையும் நெருக்கமாக வளர்ந்து மெத்தையாகிறதால் காற்று உள்ளே புக வழியில்லை. வெயில் படுற நாளில் மெத்தைக்குள் வெப்பநிலை வெளிக்காற்றை விடப் பல பாகை கூடவாக இருக்கும். நீளமான ஆணிவேர் கல்லிடுக்கில் இறங்கிப் பிடிச்சுக்கொள்ளும். வளர்ச்சி மட்டும் சரியான மெதுவு. முதல் பூவுக்குப் பத்து வருசம் கூட ஆகலாம். ஆனால் பெரிய மெத்தைகள் 300 வருசத்துக்கு மேலும் வாழும் எண்டு அலாஸ்காவில் செய்த ஆய்வொன்று கணக்கிட்டிருக்கு.

இனி விற்பனைக்கு வருவம். வெளிநாட்டுச் செடி லேபல்களில் "ஹார்டி" எண்ட சொல்லும் பக்கத்தில் ஒரு வலய எண்ணும் இருக்கும். அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் 13 வலய வரைபடம்தான் இதுக்கு அடிப்படை. அது அளக்கிறது ஒண்டே ஒண்டைத்தான்: ஓரிடத்தில் குளிர்காலத்தில் வெப்பநிலை சராசரியாக எவ்வளவு கீழே இறங்கும் எண்டதை. கோடை வெயில், இரவுப் புழுக்கம், மழை, மண் எதுவும் அந்த எண்ணுக்குள் இல்லை. அமெரிக்கத் தோட்டக்கலைச் சங்கம் 1997இல் வெப்பத்துக்கெண்டு தனி வரைபடம் ஒன்று வெளியிட்டது. வருசத்தில் எத்தனை நாள் வெப்பநிலை 30 பாகையைத் தாண்டுது எண்டதை வைச்சு அது இடங்களைப் பிரிக்குது. ஆனால் விளம்பரத்தில் குளிரைத் தாங்குற கதைதான் பெரிய எழுத்தில் வருது.

தோட்டத்தில் மொஸ் கம்பியனுக்கு எமன் புழுக்கமான கோடையும், வேரடியில் தேங்குற ஈரமும்தான். குளிரில் அதைக் காப்பாற்றின அதே மெத்தை, புழுக்கத்தில் ஈரத்தைப் பிடிச்சு வைச்சு அழுக விட்டிடும். சரி, சாகாமல் தப்பினாலும் தாழ்நிலத் தோட்டங்களில் பெரும்பாலும் ஒண்டு ரெண்டு பூவோடு நிண்டுவிடும். பாசத்தில் நல்ல மண்ணும் பசளையும் போட்டால் இலைதான் கொழுக்கும், மெத்தையின் இறுக்கம் தளரும். உயிரோடு இருக்குது எண்டதை மட்டும் வைச்சு, அந்தச் செடி நல்லா இருக்குது எண்டு சொல்ல ஏலாது.

அப்ப வீட்டுத்தோட்டத்துக்கே வேண்டாமா? அது எந்த வீடு எண்டதைப் பொறுத்தது. 1980களில் எங்கட ஆட்கள் மீன் தொழிற்சாலை வேலைக்குப் போய்க் குடியேறின வட நோர்வேயில் இது உள்ளூர்ச் செடி. அங்க துரொம்சோ நகரத்தில் 1994இல் திறந்த தாவரவியல் தோட்டமொன்று ஆர்க்டிக், உயர்மலைச் செடிகளுக்கெண்டே இருக்கு. அப்படிக் கோடையும் குளிராக இருக்கிற ஊரில் முழு வெயில், சரளைக்கல் கலந்த வளம் குறைந்த மண், தண்ணி தேங்காத சரிவு, இவ்வளவும் இருந்தால் தாராளமாக வைக்கலாம். பசளை வேண்டாம், பொறுமை வேணும். கொழும்பிலோ மட்டக்களப்பிலோ இருக்கிற நாங்கள் விதைக்குக் காசைக் கரியாக்கத் தேவையில்லை.

வைக்கிறவர்களுக்கும் ஒரு நிபந்தனை. நாற்றுப்பண்ணையில் வளர்த்த கன்றாக இருக்கவேணும். மலையில் கண்ட செடியைக் கிண்டி எடுத்தால் ஆணிவேர் அறும், பிறகு தப்புறது கஷ்டம். எங்கட பூட்டன் காலத்துக்கும் முந்தின செடியொன்று ஒரு பூச்சாடிக்காகச் சாகிறது அநியாயம்.

ஒண்டைத் "தாங்கும்" எண்டு புகழ்ந்துபோட்டு, அதுக்குப் பிறகு கவனிக்காமல் விடுறது எங்களுக்கு நல்லாப் பழகின வேலை. செடிக்கு மட்டுமில்லை, ஆட்களுக்கும் இதைத்தான் செய்யிறம். "அவள் சமாளிப்பாள்" எண்டு சொன்ன பிறகு அவளுக்கு என்ன வேணும் எண்டு ஒருத்தரும் கேட்கிறதில்லை. புகழ்ச்சி மாதிரித் தெரிஞ்சாலும், அது பொறுப்பைக் கைகழுவுற பேச்சு.

அதனால் ஆராவது ஒரு செடியைக் காட்டி "எதையும் தாங்கும்" எண்டால், இது எந்த மாதிரி இடத்தில் நல்லாப் பூக்கும் எண்டு திருப்பிக் கேளுங்கோ. பதில் சொல்லத் தெரியாதவரிட்ட வாங்காதேங்கோ.