கேள்வி கேட்டால் ஈமான் போய்விடுமா?



கல்லூரியிலிருந்து விடுமுறைக்கு வந்த மகன், கடையை அடைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்த தகப்பனிடம் கேட்கிறான்: "வாப்பா, எல்லாத்தையும் அல்லாஹ் படைச்சான். அல்லாஹ்வை யார் படைச்சது?"

"வாயைக் கழுவுடா! தவ்பா செய்!" என்று தகப்பன் சீறுகிறார். மகன் வாயை மூடிக்கொள்கிறான். பிரச்சினை தீர்ந்தது என்று தகப்பன் நினைக்கிறார். தீரவில்லை. அன்று இரவே அந்தக் கேள்வி கைப்பேசிக்குள் போகிறது. அங்கே அவனைத் திட்டாமல், முகம் சுளிக்காமல், சிரித்துக்கொண்டே "கடவுள் இல்லை தம்பி" என்று சொல்ல ஆயிரம் பேர் காத்திருக்கிறார்கள்.

முன்பெல்லாம் நாத்திகம் தெருமுனையில் ஒலிபெருக்கி கட்டிப் பேசியது. கேட்கப் பிடிக்காதவர் வேறு தெரு வழியாகப் போய்விடலாம். இன்று அது தலையணைக்குப் பக்கத்தில் படுத்திருக்கிறது. எந்தத் தெரு வழியாகப் போவீர்கள்?

கேள்வி கேட்பது ஈமானுக்கு விரோதம் என்று யார் சொன்னது? வாயால் சொல்லவே அஞ்சும் எண்ணங்கள் உள்ளத்தில் எழுகின்றன என்று நபித்தோழர்கள் சிலர் முறையிட்டபோது, நபி (ஸல்) அவர்கள் அவர்களை விரட்டவில்லை. அந்த அச்சமே தெளிவான ஈமான் என்று ஆறுதல் சொன்னார்கள். இறந்தவர்களை எப்படி உயிர்ப்பிக்கிறாய் என்று இறைவனிடமே கேட்டவர் இப்ராஹீம் நபி (அலை). உள்ளம் அமைதி பெறவே கேட்டேன் என்றார். அவருக்கு விடை கிடைத்தது, வசை கிடைக்கவில்லை.

சரி, மகனின் கேள்விக்கு வருவோம். அது புதிய கேள்வி அல்ல. 1927 மார்ச் 6 அன்று இலண்டனில் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல், தாம் ஏன் கிறிஸ்தவர் அல்ல என்று ஆற்றிய உரையில் இதைத்தான் சொன்னார். தமக்குப் பதினெட்டு வயதாக இருந்தபோது ஜான் ஸ்டூவர்ட் மில்லின் சுயசரிதையில் இந்தக் கேள்வியைப் படித்ததாகவும், அதிலிருந்து 'முதல் காரணம்' என்ற வாதத்தைக் கைவிட்டதாகவும் சொன்னார். எல்லாவற்றுக்கும் காரணம் வேண்டும் என்றால் கடவுளுக்கும் வேண்டும். காரணம் இல்லாமல் ஒன்று இருக்கலாம் என்றால் அது இந்த உலகமாகவே இருக்கட்டுமே! இதுதான் அவர் வாதம். கூர்மையான வாதம்தான். ஆனால் அவர் எதை மறுக்கிறார்? 'எல்லாவற்றுக்கும் காரணம் உண்டு' என்று நம் அறிஞர்கள் வாதிடவே இல்லையே! தானாக நிற்க முடியாத பொருளுக்குக் காரணம் வேண்டும் என்றுதான் சொன்னார்கள்.

வியாபாரிகளுக்கு இது எளிதில் புரியும். நீங்கள் ஒருவரிடம் ஆயிரம் ரூபாய் கேட்கிறீர்கள். "என்னிடம் சொந்தப் பணம் இல்லை, அடுத்த கடைக்காரர் தந்தால் தருகிறேன்" என்கிறார். அடுத்த கடைக்காரரும் அதையே சொல்கிறார். அதற்கடுத்தவரும் அப்படியே. இந்த வரிசையில் பத்துப் பேர் நின்றாலும், பத்துக் கோடிப் பேர் நின்றாலும், முடிவே இல்லாமல் நீண்டாலும், சொந்தப் பணம் உள்ளவர் ஒருவர்கூட இல்லையென்றால் உங்கள் கைக்கு ஒற்றைக் காசு வராது. ஆனால் பணம் வந்துவிட்டது! அப்படியானால் எங்கோ ஒருவர் கடன் வாங்காமல், தன் பணத்தைக் கொடுத்திருக்கிறார் என்றுதானே பொருள்? அவரைக் காட்டி, "இவருக்குக் கடன் கொடுத்தது யார்?" என்று கேட்டால், கேட்டவருக்குக் கணக்கு புரியவில்லை.

'அந்தச் சொந்தப் பணக்காரர் இந்தப் பிரபஞ்சம்தான்' என்று ரஸ்ஸல் பக்கத்தில் நின்று ஒருவர் சொல்லலாம். சொல்லட்டும். ஆனால் பிரபஞ்சத்தில் நாம் காணும் ஒவ்வொன்றும், மண்ணும் மனிதனும் நட்சத்திரமும், வேறு ஒன்றைச் சார்ந்தே நிற்கிறது. எல்லாரும் கடன்காரர்களாக உள்ள ஊரை மொத்தமாகச் சேர்த்து 'இது பணக்கார ஊர்' என்று எழுதிவிட முடியுமா? ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த இப்னு ஸீனா இதைத்தான் சொன்னார். உலகத்துக்குத் தொடக்கமே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், தானாக நிற்கும் ஒருவன் தேவை என்றார்.

இங்கே நம் மேடைப் பேச்சாளர்களுக்கும் ஒரு வார்த்தை. 'பெருவெடிப்பு கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது, விஞ்ஞானம் கடவுளை நிரூபித்துவிட்டது' என்று மேடையில் முழங்குகிறார்கள். பிரபஞ்சத்துக்கு வயது ஏறத்தாழ 1380 கோடி ஆண்டுகள் என்று இன்றைய விஞ்ஞானம் கணக்கிடுவது உண்மை. அது எப்போதும் இப்படியே இருந்தது என்று சொல்லி வந்தவர்களுக்கு அது சங்கடம் என்பதும் உண்மை. ஆனால் அந்தக் கொள்கைக்கு வித்திட்ட ஜார்ஜ் லெமெத்ர் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார். 1951இல் போப் அதைப் படைப்புக்குச் சான்றாக மேடையேற்றியபோது, அவரே அதை விரும்பவில்லை. நாளை மாறக்கூடிய விஞ்ஞானத்தின் மேல் என்றும் மாறாத நம்பிக்கையைக் கட்டி வைக்காதீர்கள் என்ற நிதானம் அவருக்கு இருந்தது. நமக்கும் வேண்டும்.

அதுபோலவே இமாம் அபூஹனீஃபா சொன்னதாக வழங்கும் கப்பல் கதை. ஆள் இல்லாமல் கப்பல் தானே சரக்கேற்றிக் கடல் கடக்குமா என்று நாத்திகரை மடக்கிய கதை. நல்ல கதைதான். ஆனால் அதோடு பயானை முடித்துக்கொண்டால், டார்வின் 1859இல் எழுதியதைப் படித்துவிட்டு வரும் இளைஞன் மனத்துக்குள் சிரிக்கிறான். உயிரினங்கள் எப்படி மாறுகின்றன என்பதைத்தான் டார்வின் சொன்னார். மாறுவதற்கு ஒரு உலகமும் அது நடக்க ஒரு விதியும் ஏன் இருக்கின்றன என்பதை அவர் சொல்லவில்லை, அது அவருடைய வேலையும் அல்ல. இந்த வேறுபாட்டை அந்த இளைஞனுக்குச் சொல்ல யார் இருக்கிறார்கள்?

'கண்ணால் காணாததை நம்பமாட்டேன்', 'தன்னால் தூக்க முடியாத கல்லைக் கடவுளால் படைக்க முடியுமா' என்பவையெல்லாம் வெறும் பட்டிமன்றச் சரக்கு. மூலை நான்கு உள்ள வட்டம் வரை என்பது போன்ற சொல் விளையாட்டு. அவற்றில் நேரத்தை வீணாக்க வேண்டாம்.

உண்மையிலேயே கனமான கேள்வி வேறு. கருணையாளன் இருக்கிறான் என்றால் இவ்வளவு துன்பம் ஏன்? 2004 டிசம்பர் 26 அன்று காலை நாகப்பட்டினம் கடற்கரையில் ஒன்றுமறியாத பிள்ளைகள் கொத்துக் கொத்தாகச் செத்துக் கிடந்தபோது, இந்தக் கேள்வியைக் கேட்காத மனிதன் உண்டா? அப்போது சிலர், அது பாவிகளுக்கு இறங்கிய தண்டனை என்று பேசினார்கள். யார் பாவி? மணலில் விளையாடிய குழந்தையா? இப்படிப் பேசியவர்கள் இறைவனுக்காக வாதாடவில்லை. நாத்திகத்துக்கு ஆள் சேர்த்தார்கள்!

நபி (ஸல்) அவர்களின் மகன் இப்ராஹீம் சிறு குழந்தையாக இறந்த அன்று சூரிய கிரகணம் பிடித்தது. நபியின் துக்கத்துக்காகச் சூரியனே இருண்டுவிட்டது என்று மக்கள் பேசினார்கள். வேறொரு தலைவராக இருந்தால் அந்தப் பேச்சை வளர விட்டிருப்பார். நபியவர்களோ, சூரியனும் சந்திரனும் இறைவனின் அத்தாட்சிகள், யாருடைய பிறப்புக்காகவும் இறப்புக்காகவும் அவற்றுக்குக் கிரகணம் பிடிப்பதில்லை என்று அறிவித்தார்கள். மகனுக்காகக் கண்ணீர் விட்டார்கள். அந்தக் கண்ணீருக்கு வானத்திலிருந்து சாட்சி தேடவில்லை. துன்பம் வந்த வீட்டில் காரணம் சொல்லிக்கொண்டு நிற்காதீர்கள். இந்த உலகம் முழுக் கணக்கும் தீரும் இடம் அல்ல, மறுமை உண்டு என்பது நம் நம்பிக்கை. அதைச் சொல்ல நேரம் உண்டு. சுனாமியின்போது பரங்கிப்பேட்டை ஜமாஅத்தினர் மீனவ மக்களுக்குச் சோறாக்கிப் போட்டார்கள். முதலில் வர வேண்டியது அதுதான்.

இந்த மண்ணில் நாத்திகம் பேசியவர்களின் கோபம் எங்கிருந்து வந்தது என்பதையும் யோசியுங்கள். பெரியார் ரஸ்ஸலைப் போலத் தத்துவம் பேச வந்தவர் அல்ல. கோயில் தெருவில் மனிதன் நடக்கக்கூடாது என்று கடவுளின் பெயரால் தடுத்தார்கள். 1924இல் வைக்கத்தில் அதை எதிர்த்துப் போராடியவர் அவர். இழிவு நீங்க இஸ்லாத்துக்குப் போ என்று ஒடுக்கப்பட்ட மக்களிடம் சொன்னவரும் அவர்தான்! கடவுளின் பெயரால் நடந்த அநியாயமே அவருக்குக் கடவுள் இல்லை என்பதற்கு வாதமாயிற்று.

அந்த வாதம் நம் பக்கம் திரும்பினால்? ஐவேளை தொழுதுவிட்டு எடையில் குறைக்கும் கடை, மகனுக்குக் கைக்கூலி பேசும் ஹாஜியார், வட்டிக்குக் கொடுத்துவிட்டு அதற்கு வேறு பெயர் வைக்கும் முதலாளி. அளவில் மோசடி செய்பவர்களைக் கண்டித்து ஒரு முழு அத்தியாயமே குர்ஆனில் இருக்கிறது. அதை ஓதிவிட்டுத் தராசில் கை வைக்கும் அப்பனைப் பார்த்து வளரும் பிள்ளைக்கு ரஸ்ஸல் எதற்கு?

இன்னொன்றையும் மூடி மறைக்க முடியாது. 2017 மார்ச்சில் கோவையில், முஸ்லிம் குடும்பத்தில் பிறந்து இறைவன் இல்லை என்று வெளிப்படையாக எழுதிவந்த ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டார். திராவிடர் விடுதலைக் கழகத்தைச் சேர்ந்தவர், பழைய இரும்பு வியாபாரி. கைது செய்யப்பட்டவர்களும் முஸ்லிம்களே. அப்போது பல பள்ளிவாசல்களில் நிலவிய மௌனம் நமக்குப் பெருமை சேர்க்கவில்லை. எழுத்துக்கு வெட்டரிவாள் பதிலா?

இமாம் கஸ்ஸாலி (1058–1111) என்ன செய்தார்? தத்துவவாதிகளை மறுப்பதற்கு முன், அவர்களுடைய கொள்கையை அவர்களைவிடத் தெளிவாகத் தனி நூலாக எழுதினார். அதை இலத்தீனில் படித்த ஐரோப்பியர்கள் அவரையே ஒரு தத்துவவாதி என்று எண்ணிவிட்டார்கள்; அவ்வளவு நேர்மை! அதன் பிறகுதான் மறுப்பு நூல். அந்த மறுப்புக்கும் இப்னு ருஷ்து ஒரு மறுப்பு எழுதினார். நூலுக்கு நூல். தாமும் ஒரு காலத்தில் கடும் சந்தேகத்தில் தவித்ததை கஸ்ஸாலி மறைக்கவும் இல்லை.

ஜமாஅத் நிர்வாகிகளே! மாதம் ஒருநாள் மஃரிபுக்குப் பின் ஒரு மணி நேரம் இளைஞர்களுக்கென்று ஒதுக்குங்கள். எந்தக் கேள்வியும் கேட்கலாம், யாரும் கோபப்படக்கூடாது, கேட்டவன் பெயர் வெளியே போகக்கூடாது. பதில் தெரியாவிட்டால் 'அடுத்த மாதம் படித்துவிட்டு வந்து சொல்கிறேன்' என்று ஆலிம் சொல்லட்டும். அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

இளைஞர்களே, உங்கள் ஊரில் அது நடக்காவிட்டால் உங்கள் கேள்வியை எங்களுக்கு எழுதுங்கள். பெயர் போட வேண்டாம். ஊர் போட வேண்டாம். இதழுக்கு மூன்று கேள்விகள் வீதம் எடுத்து, ஆலிம் ஒருவரையும் அறிவியல் பேராசிரியர் ஒருவரையும் கொண்டு பதில் எழுதி வெளியிடுவோம்.