ஊதாத விசில்

நேற்றுச் சாயங்காலம் நாலு பையன்கள் நன்கொடை நோட்டோடு வீட்டுக்கு வந்தார்கள். கோயில் கொடைக்கு மின்னொளிக் கபடி நடத்துகிறார்களாம். அதில் இரண்டு பேருடைய அப்பாக்கள் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவர்கள். "சார்வாள் பேரை நோட்டீஸ்ல போட்டாச்சு. எவ்வளவு எழுத?" என்றான் ஒருவன்.

"எழுதுங்கப்பா. ஆனா ஒரு நிபந்தனை. பயிற்சி பெற்ற நடுவரைக் கூட்டிட்டு வரணும். ஆட்டத்துக்கு முன்னால எங்கே பிடிக்கலாம், எங்கே பிடிக்கக் கூடாதுன்னு மைக்கில் வாசிக்கணும்" என்றேன்.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "விதியெல்லாம் பார்த்தா ஆட்டம் சப்புன்னு போயிரும் சார்வாள். கூட்டம் வராது."

அவனுக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1996-ல் தென்காசிக்குக் கிழக்கே ஓர் ஊரில் இப்படித்தான் ஒரு கொடைக் கபடி. "சார்வாள் விசில் ஊதினா யாரும் எதிர்த்துப் பேச மாட்டாங்க" என்று என் கையில் விசிலைக் கொடுத்துவிட்டார்கள். எனக்கும் பெருமை. இறுதி ஆட்டம். வெளியூர் அணியில் என் பழைய மாணவன் பாடி வந்தான். நல்ல ஓட்டக்காரன், போலீஸ் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்தான். உள்ளூர்க்காரர் ஒருவர் பின்னாலிருந்து அவன் வாயைப் பொத்தினார். இன்னொருவர் இடுப்பைப் பிடித்துத் தூக்கிக் கோட்டுக்கு வெளியே எறிந்தார். அங்கே கயிறு கட்டிய கம்புக்கு முட்டுக் கொடுத்த கல் கிடந்தது. "விடாதலே, அமுக்குலே!" என்று ஊரே கத்துகிறது. நான் விசிலை வாயில் வைத்தபடி கையை உயர்த்தி "அவுட்" கொடுத்தேன். உள்ளூர் அணிக்கு ஒரு புள்ளி. அவனுக்குத் தோள்மூட்டு போயிற்று. போலீஸ் வேலையும் போயிற்று.

அது தவறு என்று எனக்கு அப்போதே தெரியும். தெரிந்துதான் ஊதாமல் இருந்தேன்.

கபடி விதி ஒன்றும் கடினமானதில்லை. பாடி வருபவரை உடம்பில் பிடிக்கலாம், கை கால்களைப் பிடிக்கலாம். தலைமுடி, கழுத்து கூடாது. வாயைப் பொத்தக் கூடாது. இரண்டு காலாலும் கத்தரி போட்டு இறுக்கக் கூடாது. வேண்டுமென்றே கோட்டுக்கு வெளியே தள்ளக் கூடாது. தள்ளினால் தள்ளினவர்தான் அவுட். மீறினால் பச்சை அட்டை எச்சரிக்கை, மஞ்சள் அட்டைக்கு 2 நிமிடம் வெளியே, சிவப்பு அட்டை என்றால் அந்த ஆட்டமே கிடையாது.

ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது. பாட்டு நின்றால் பாடுபவர் அவுட். வாயைப் பொத்திப் பாட்டை நிறுத்தினால் அது பிடி ஆகுமா? அது திருட்டு. தள்ளக் கூடாது என்பதற்கும் அப்படித்தான். முறையான களத்தில் இரண்டு பக்கமும் ஒரு மீட்டர் லாபி உண்டு. நம் ஊர்க் களங்களில் கோடு முடிகிற இடத்தில் கம்பும் கல்லும், அதை ஒட்டிச் சின்னப் பிள்ளைகளும் உட்கார்ந்திருப்பார்கள்.

விதி பிடிப்பவருக்கு எதிரி என்று நினைக்க வேண்டாம். 2014-ல் தொடங்கிய புரோ கபடியில், களத்தில் மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ இருக்கும்போது பாடுபவரைப் பிடித்துவிட்டால் இரண்டு புள்ளி. சூப்பர் டேக்கிள் என்கிறார்கள். கணுக்கால் பிடிக்கும் தொடைப் பிடிக்கும் அங்கே விழுகிற கைதட்டலைப் பாருங்கள். திறமையான பிடிக்குக் கூட்டம் சேரத்தான் செய்கிறது.

இன்னொன்றும் சொன்னேன். மகள் வீட்டுக்கு அமெரிக்கா போயிருந்தபோது, பேரன் என்னை அவர்கள் ஊர் ஃபுட்பால் பார்க்க உட்காரவைத்தான். பந்தைக் கையில் வைத்து ஓடுகிற ஆட்டம். மேலே எறிகிற பந்தைப் பிடிக்க ஒருவர் ஓடுவார். அவரை மறிக்க எதிரணிக்காரர் ஒருவர். முன்பெல்லாம் பந்தை எறிகிற வரைக்கும் அவரை எங்கே வேண்டுமானாலும் இடித்துத் தள்ளலாமாம். 1978-ல் கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள். ஆட்டம் தொடங்கும் கோட்டிலிருந்து 5 கெஜத்துக்குள்தான் இடிக்கலாம், அதைத் தாண்டினால் கூடாது. பந்து காற்றில் வருகிறபோது பிடிக்க விடாமல் தடுத்து மோதினால் அதற்குத் தனித் தண்டனை. இதனால் ஆட்டம் சப்பென்று போனதா? பந்தை எறிந்து பிடிப்பது பெருகியது. இன்றைக்கு அந்த நாட்டில் அதிகம் பேர் பார்க்கிற ஆட்டம் அதுதான்.

நடுவர் எதற்கு, நாங்களே பார்த்துக்கொள்வோம் என்றான் ஒரு பையன். 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டு இறுதிப் போட்டியை நினைவுபடுத்தினேன். இந்தியாவும் ஈரானும் 28-28. லாபி விதியில் தகராறு வந்து ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆட்டம் நின்றது. அவ்வளவு பெரிய போட்டிக்கே அந்த நிலை. எந்த விதி என்று முன்பே சொல்லாவிட்டால் ஊர்ப் போட்டியில் கைகலப்புதான் மிஞ்சும்.

மணத்தி கணேசன் 1994 ஹிரோஷிமாவில் தங்கம் வென்ற அணியில் ஆடியவர். அவரும் நம் தென்பக்கத்துக் கிராமத்து மண்ணில் ஆடி வளர்ந்தவர்தான். இனி அப்படி ஒருவர் வந்தாலும் முதலில் இந்தக் கொடைக் கபடியில்தான் பாடிப் போவார். 2022-ல் பண்ருட்டி பக்கம் ஊர்ப் போட்டியில் பாடிப் போன ஓர் இளைஞர் களத்திலேயே உயிரை விட்டார். அந்தச் செய்தியைப் பார்த்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

என் மாணவன் இப்போது குற்றாலத்தில் சீசன் நேரத்தில் பழக்கடை போடுகிறான். மேல் தட்டில் இருக்கிற ரம்புட்டானை எடுக்க அவன் வலது கை எழும்பாது. மனைவிதான் எடுத்துக் கொடுப்பார். போன சாரலுக்குப் போனபோது, இத்தனை வருஷம் கழித்து அந்த அவுட்டைப் பற்றி அவனிடம் பேசினேன். "விடுங்க சார்வாள். நீங்க விசில் ஊதியிருந்தா உங்களை அடிச்சிருப்பாங்க" என்று சிரித்தான்.

அடித்திருந்தால் நாலு நாளில் ஆறியிருக்கும்.

பையன்கள் ஒத்துக்கொண்டார்கள். நடுவருக்கான படி, கோட்டைச் சுற்றி மணல் கொட்டுகிற செலவு இரண்டும் என் பெயரில். கற்களை அவர்களே அப்புறப்படுத்துவார்கள். உங்கள் ஊரிலும் நோட்டோடு யாராவது வந்தால், பணம் கொடுக்கும் முன் இதைக் கேளுங்கள்.