செயற்கை என்றால் விஷமா?



போன மாதம் இலக்கிய மன்றத்தில் நடந்த பட்டிமன்றம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். "இயற்கையானதெல்லாம் நல்லது, செயற்கையானதெல்லாம் விஷம்" என்று தீர்ப்பு சொன்னதும் கை தட்டினோம். நானும்தான் தட்டினேன். வீட்டுக்குப் போன பிறகுதான் யோசனை வந்தது.

எங்க அப்பத்தாவுக்குச் சர்க்கரை வியாதி. தினமும் ரெண்டு வேளை இன்சுலின் ஊசி. வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லை, மருந்து பாட்டில் மண்பானைக் குளிர்ச்சியில் இருக்கும். ஊசி போடுவது நான்தான். "இதை மாத்திரையா குடுத்தா என்ன தாயி?" என்று அப்பத்தா அடிக்கடி கேட்கும். அறிவியல் டீச்சரிடம் கேட்டேன். இன்சுலின் ஒரு புரதம், வாய் வழியா போனால் வயிற்றிலும் குடலிலும் உள்ள நொதிகள் அதைப் பருப்பு மாதிரி செரித்துவிடும் என்றார்.

புரதம் என்பது அமினோ அமிலம் என்ற கண்ணிகளைக் கோர்த்த சங்கிலி. அது பல இடங்களில் ஸ்பிரிங் மாதிரி சுருண்டிருக்கும். 1948-இல் லைனஸ் பாலிங் என்ற விஞ்ஞானி சளி பிடித்துப் படுத்திருந்தபோது, சங்கிலியைக் காகிதத்தில் வரைந்து மடித்து மடித்தே இந்தச் சுருளைக் கண்டுபிடித்தார். 1951-இல் வெளியிட்டார். நம் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரன், தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜன் மூன்று புரிக் கயிறு மாதிரி முறுக்கியது என்று 1955-இல் சொன்னார்.

சரி, இப்படிச் சுருள்வது இயற்கைக்கு மட்டும்தான் தெரியுமா? இல்லை. 1996-இல் சுவிட்சர்லாந்தில் டீட்டர் சீபாக் குழுவும் அமெரிக்காவில் சாமுவேல் கெல்மன் குழுவும் தனித்தனியாகப் புதுச் சங்கிலிகள் செய்தார்கள். ஒவ்வொரு கண்ணியிலும் ஒரே ஒரு கார்பன் அணு கூடுதல். அவ்வளவுதான் வித்தியாசம். சங்கிலி தொளதொளவென்று போய்விடும் என்றுதான் யாரும் நினைப்போம். ஆனால் ஆறு கண்ணி இருந்தாலே அழகாகச் சுருண்டு நின்றது! இப்படித் தானே மடியும் செயற்கை மூலக்கூறுகளுக்கு 'ஃபோல்டமர்' என்று கெல்மன் பெயர் வைத்தார். இதில் முக்கியமான விஷயம், நம் உடம்பின் நொதிக் கத்தரிக்கு இந்தச் சங்கிலியை வெட்டத் தெரியவில்லை.

இதனால் அப்பத்தாவின் ஊசி நாளைக்கே நின்றுவிடாது. வெட்டுப்படாமல் இருந்தால் மட்டும் போதாது, குடலைத் தாண்டி ரத்தத்தில் சேரவும் வேண்டும். அது வேறு கஷ்டம். ஆனால் ஒரு வழி திறந்திருக்கிறது.

பட்டிமன்றத்தில் ஜெயித்த அணி சொன்னதிலும் நியாயம் உண்டு. நம்ம ஊருணியில் கிடக்கும் பிளாஸ்டிக் பையையும் எந்த நொதியும் லேசில் வெட்டாது. அதனால்தான் அது மக்காமல் கிடக்கிறது. மருந்தில் நல்லதாக இருக்கும் அதே குணம் ஊருணியில் கெட்டதாகிறது. ஆனால் அரளி விதையும் இயற்கைதானே? அதை யாராவது சாப்பிடுவோமா?

அதனால் என் கருத்து இதுதான். ஒரு பொருளைப் பார்த்து "நீ இயற்கையா, செயற்கையா?" என்று மட்டும் கேட்கக் கூடாது. என்ன வேலை செய்கிறது, எவ்வளவு நாள் அழியாமல் இருக்கும், சோதித்துப் பார்த்தார்களா என்று கேட்க வேண்டும்.

முன்னே பன்றி, மாட்டின் கணையத்திலிருந்து இன்சுலின் எடுத்தார்களாம். 1982 முதல் மனித இன்சுலினையே பாக்டீரியாவை வைத்துத் தயாரித்து விற்கிறார்கள். அதை இயற்கை என்பதா, செயற்கை என்பதா? அப்பத்தாவுக்கு அந்தக் கவலை இல்லை. அதனால்தான் அது இன்னைக்கும் திண்ணையில் உட்கார்ந்து என்னைத் திட்டிக்கொண்டு இருக்கிறது.

அன்னைக்குக் கை தட்டும்போது அந்தப் பாட்டில் எனக்கு ஞாபகம் வரவில்லை. அடுத்த பட்டிமன்றத்துக்கு எதிரணியில் பேச நான் பேர் கொடுத்துவிட்டேன். என்னோடு பேச இன்னும் ரெண்டு பேர் தேவை. வருகிறீர்களா?

– ஒன்பதாம் வகுப்பு மாணவி