நிற்கும் இடம் தெரிந்து மடையைத் திற!

தமிழக அரசு 2011-ல் மாணவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கிய இலவச லேப்டாப் ஞாபகம் இருக்கிறதா? அவற்றில் பலவற்றில் விண்டோஸோடு 'பாஸ் லினக்ஸ்' என்ற இயங்குதளமும் இருந்தது. சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. பிளஸ் ஒன் கணினி அறிவியல் புத்தகத்தில் உபுண்டு லினக்ஸ் பாடமாகவே இருக்கிறது. ஆனாலும் டெர்மினல் என்ற கறுப்புத் திரையைப் பார்த்ததும் பலர் மூடிவிடுகிறார்கள்.

பயமே வேண்டாம். நெல்லைக்காரர்களுக்கு அந்தத் திரையின் வரைபடம் ஏற்கெனவே தெரியும்.

பொதிகையில் பிறக்கும் தாமிரபரணி, 8 அணைக்கட்டுகளில் கால்வாய்களாகப் பிரிந்து குளம், மடை, வயல் என்று போகிறது. லினக்ஸும் அப்படித்தான். 'ரூட்' என்ற ஒரே மூலத்திலிருந்து ஃபோல்டர், அதற்குள் ஃபோல்டர், கடைசியில் ஃபைல். பழவூர் அணைக்கட்டில் பிரியும் பாளையங்காலில் நின்றுகொண்டு கோடகன் கால் வயலுக்குத் தண்ணீர் திருப்ப முடியுமா? எங்கே நிற்கிறோம் என்பதுதான் முதல் பாடம்.

அதற்கான கட்டளை 'பிடபிள்யூடி'. பொதுப்பணித்துறை இல்லைங்க, நீங்கள் இப்போது எந்த ஃபோல்டரில் இருக்கிறீர்கள் என்று சொல்லும் கட்டளை! 'எல்எஸ்' தட்டினால் அங்கே என்னென்ன இருக்கிறது என்று காட்டும். 'சிடி'யோடு ஃபோல்டர் பெயரைச் சேர்த்தால் உள்ளே போகலாம். 'சிடி', ஓர் இடைவெளி, இரண்டு புள்ளி என்றால் ஒரு படி மேலே, ஆறு வந்த வழியே திரும்பலாம். கட்டளைகளை ஆங்கிலச் சின்ன எழுத்தில் தட்டி என்டர் அழுத்த வேண்டும்.

பெயர்கள் ஏன் இவ்வளவு சுருக்கம்? லினக்ஸின் முன்னோடியான யூனிக்ஸ் 1969-ல் பெல் ஆய்வகத்தில் பிறந்தபோது, மெதுவாக அச்சடிக்கும் டெலிடைப் கருவியில்தான் தட்டினார்கள். ஓர் எழுத்து குறைந்தாலும் லாபம்.

இனி, வீட்டுக்கு உதவும் கட்டளை. 2023 டிசம்பரில் ஆறு வீட்டுக்குள் வந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பிள்ளைகளின் சான்றிதழ், பத்திரம், கல்யாணப் படம் எல்லாம் ஒரே லேப்டாப்பில் இருந்தால் ஆபத்து. 'சிபி', இடைவெளி, '-ஆர்', பிறகு ஃபோல்டர் பெயர், கடைசியில் பென் டிரைவ் இருக்கும் இடம். உள்ளே இருப்பது மொத்தமும் நகலாகிவிடும். முடிந்ததும் 'சிங்க்' என்று தட்டுங்கள். எழுத வேண்டியது பாக்கி இருந்தால் அதையும் எழுதி முடிக்கும். பிறகு முறைப்படி எஜெக்ட் செய்து, அந்த பென் டிரைவை மேட்டுப் பகுதியில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டில் கொடுத்து வையுங்கள்.

எச்சரிக்கை வேண்டிய கட்டளை ஒன்று உண்டு: 'ஆர்எம்'. இது அழிப்பது குப்பைத்தொட்டிக்குப் போகாது. போனது போனதுதான். நட்சத்திரக் குறி போட்டு, ஒட்டியபடி '.ஜேபிஜி' என்று தட்டினால் அந்த ஃபோல்டரில் இருக்கும் ஜேபிஜி படங்கள் மட்டும் அழியும். நட்சத்திரத்துக்குப் பிறகு தவறி ஓர் இடைவெளி விழுந்தால், படம் என்ன, பத்திரம் என்ன, அங்கிருக்கும் ஃபைல் எல்லாமே காலி!

தப்பிக்க வழி சுலபம். முதலில் 'பிடபிள்யூடி'. அடுத்து, அழிக்க நினைப்பதை 'எல்எஸ்' போட்டுப் பாருங்கள். பட்டியல் சரியாக இருந்தால், மேல் அம்புக்குறியை அழுத்தி அதே வரியை வரவழைத்து, 'எல்எஸ்' இருந்த இடத்தில் 'ஆர்எம் -ஐ' என்று மாற்றுங்கள். ஒவ்வொரு ஃபைலாக 'அழிக்கட்டுமா?' என்று கேட்டுத்தான் அழிக்கும்.

சும்மா ஒரு ஃபோல்டர் உருவாக்கி, வேண்டாத நாலு ஃபைலைப் போட்டு இந்த வாரம் பழகிப் பாருங்கள். கை பழகிய பிறகு கல்யாணப் படங்கள் பக்கம் போகலாம்.